இளம் பெண் பன்றி பருவத்துக்கு வரவில்லையா? தினம் 15 நிமிடம் ஆண் பன்றியைக் காட்டுங்கள்

சிங்கப்பூரில் இதைச் செய்து பார்க்க இடமில்லை. பன்றி வளர்ப்பைக் கைவிடுவதென 1984ல் அரசு முடிவெடுத்தது. 1990 வாக்கில் பொங்கோலின் கடைசிப் பண்ணைகளும் போய்விட்டன. இங்கிருந்து பணம் அனுப்பி ஊரில் கொட்டகை போடுபவர்களுக்காக இது. "ஏழு மாசம் ஆச்சு, இன்னும் சூட்டுக்கு வரல" என்று போன் வந்தால், தீனியைக் குறை சொல்லுமுன் ஆண் பன்றியைப் பற்றி விசாரியுங்கள்.

1. ஆண். வயது 10 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வேலை செய்வது அதன் வாய் நுரை. தாடைக்கடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஆண்ட்ரோஸ்டெனோன் என்ற வாசனைப்பொருள் நுரையோடு வரும். அதை முகர்ந்து, ஆணின் உறுமலையும் உரசலையும் உணரும்போது பெண்ணின் மூளை ஹார்மோனைத் தூண்டுகிறது, சினைப்பை விழித்துக்கொள்கிறது. ஆறு மாத ஆணிடம் அந்த வாசனை போதாது. இளசு விலை குறைவு என்று வாங்குவது வீண் செலவு.

2. நாள். பிறந்த 160ஆம் நாள் வாக்கில் தொடங்குங்கள். ரொம்ப முன்னதாகக் காட்டினால் பெண்கள் பழகிப்போய்க் கண்டுகொள்ளாது. ஆணைப் பக்கத்துக் கூண்டிலேயே கட்டிப்போட்டாலும் இதே கதைதான். மற்ற நேரத்தில் தள்ளி வையுங்கள்.

3. சந்திப்பு. காலையில், வெயில் ஏறுமுன், தீனி தின்று முடித்த பிறகு. பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருக்கும் கூண்டுக்குள் ஆணை விட்டு 15 நிமிடம். வேலிக்கு அப்பால் நிறுத்தினால் பலன் குறைவு. மூக்கோடு மூக்கு உரச வேண்டும். ஆள் கூடவே நிற்கட்டும், கையில் பலகையோடு. ஆணுக்கு முதுகைக் காட்டக் கூடாது. ஏற முயன்றால் உடனே பிரியுங்கள். ஒரு நாளும் விடாதீர்கள்.

4. அறிகுறி. பிறப்புறுப்பு சிவந்து வீங்கும். ஆண் எதிரே நிற்கும்போது இடுப்பை அழுத்தினால் அசையாமல் நிற்கும். அதுதான் உறுதி. பெரும்பாலானவை மூன்று வாரத்துக்குள் காட்டிவிடும்.

தேதியை எழுதுங்கள். முதல் சூட்டில் சேர்க்க வேண்டாம். சுமார் 21 நாள் கழித்து அடுத்தது வரும். யார்க்ஷயர், லேண்ட்ரேஸ் கலப்பினங்கள் என்றால் அப்போது 135 கிலோவாவது இருக்கட்டும்.

ஒரு மாதம் தினமும் காட்டியும் சூட்டுக்கு வராதது இருந்தால் கால்நடை மருத்துவரிடம் ஹார்மோன் ஊசி பற்றிக் கேளுங்கள். அதற்கும் மசியாததை இறைச்சிக்கு விற்றுவிடுவது மேல்.