ஜெனோவாவில் தங்கி அக்கம்பக்கத்து ஊர்களைப் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் வடமேற்குக் கரையில் உள்ள பழம்பெரும் துறைமுக நகரமான ஜெனோவாவில் அறை எடுத்துக்கொண்டு, காலையில் கிளம்பி ஒரு கடற்கரை ஊரைப் பார்த்துவிட்டு இரவில் திரும்புவது நல்ல ஏற்பாடுதான். கிழக்கே இருக்கும் ஆடம்பரக் கடற்கரை ஊரான போர்ட்டோஃபினோவில் ஓர் இரவுக்குக் கேட்கும் வாடகையில் இங்கே பல இரவுகள் தங்கலாம். பெட்டிகளை ஒரே இடத்தில் வைத்துவிட்டுக் கைவீசிப் போய்வரலாம். ஆனால் இந்த நகரம் எப்படி அமைந்திருக்கிறது என்பதை அறியாமல் திட்டம் போடுபவர்களுக்கு, மிச்சமான பணமும் நேரமும் வேறு வழியில் கரைந்துவிடுகின்றன. பின்னால் மலை, முன்னால் கடல். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த ஒடுங்கிய நிலத்தில், மேற்கே வோல்ட்ரி முதல் கிழக்கே நெர்வி வரை ஏறத்தாழ 30 கி.மீ. நீளத்துக்கு ஊர் ஒரு நாடாவைப் போல நீண்டு கிடக்கிறது. அந்த நாடாவின் நீளத்துக்கு ஓடும் ரயில் பாதையை ஒட்டியே உங்கள் பயணம் முழுவதும் நடக்கப்போகிறது.

ஆகவே முதல் தவறு அறையைப் பதிவு செய்யும்போதே நேர்ந்துவிடுகிறது. ‘ஜெனோவா’ என்று பெயர் தொடங்கும் ரயில் நிலையங்கள் பல உள்ளன. அவற்றில் ஒன்றின் அருகே விடுதி இருக்கிறது என்பதால் அது நகரின் நடுவில் இருக்கிறது என்று பொருளாகாது. வெளியூர் போய்வருபவர்களுக்குப் பயன்படுபவை இரண்டுதான்: மேற்கில் பழைய துறைமுகத்தை ஒட்டிய பியாட்சா பிரின்சிபே, கிழக்கில் பிரிஞோலே. கப்பல் பிடிக்கவோ மிலான், டூரின் பக்கம் போகவோ பிரின்சிபே வசதி. கிழக்குக் கரை ஊர்களே உங்கள் நோக்கமென்றால் பிரிஞோலே அருகில் தங்குவது என் பரிந்துரை. சுற்றுப்புறமும் இரவில் அமைதியாக இருக்கும். இரண்டையும் சிறிய மெட்ரோ ஒன்று இணைக்கிறது. வரைபடத்தில் நிலையத்திலிருந்து அரை கிலோமீட்டர் என்று காட்டும் விடுதி, உண்மையில் மலைச்சரிவில் நூற்றுக்கணக்கான படிகளுக்கு மேலே இருக்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். ‘கிரெவுசா’ என்று உள்ளூரில் அழைக்கப்படும் செங்குத்தான சந்துகளில் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறியவர்கள், மறுநாள் எங்கும் கிளம்பும் நிலையில் இருப்பதில்லை.

பெயர்க் குழப்பம் அடுத்தது. இதில் படித்தவர்களும் விழுகிறார்கள். இத்தாலிய மொழியில் ‘பொனென்டே’ என்றால் கதிர் மறையும் திசை, ‘லெவான்டே’ என்றால் கதிர் எழும் திசை. செஸ்ட்ரி பொனென்டே என்பது ஜெனோவாவின் மேற்குப் பகுதியில் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு வட்டாரம். செஸ்ட்ரி லெவான்டே என்பதோ கிழக்கே சுமார் 50 கி.மீ. தள்ளி, இரண்டு அழகிய விரிகுடாக்களுக்கு நடுவே அமைந்த தனி ஊர். அதற்கும் அப்பால் லெவான்டோ என்று இன்னோர் ஊர் வேறு இருக்கிறது. இதைவிட ஆபத்தானது கொர்னில்யா, கொர்னில்யானோ என்னும் இணை: முன்னது திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே குன்றின் மேல் நிற்கும், ‘சிங்க்வே டெர்ரே’ எனப்படும் ஐந்து கடலோரக் கிராமங்களுள் ஒன்று, பின்னது ஜெனோவாவின் மேற்கிலுள்ள எஃகு ஆலைப் பகுதி. அவசரத்தில் கைப்பேசியில் தட்டி வாங்கும் பயணச்சீட்டில் அந்தக் கடைசி ‘னோ’ ஒட்டிக்கொண்டால், நாள் நேர் எதிர்த்திசையில் போய்விடும். நிலையப் பலகையில் ரயில் கடைசியாகச் சேரும் ஊரே பெரிதாகக் காட்டப்படும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கிழக்குக் கரை ஊரான கமோலிக்குப் போக நினைப்பவர் பலகையில் ‘கமோலி’யைத் தேடி நிற்கக் கூடாது, செஸ்ட்ரி லெவான்டே அல்லது லா ஸ்பெட்சியா செல்லும் வண்டி அங்கே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பயணச்சீட்டு வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. உள்ளூர் ரயிலுக்கான காகிதச் சீட்டை, ஏறுவதற்கு முன் நடைமேடையருகே இருக்கும் சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை பதிக்க வேண்டும். கைப்பேசியில் வாங்கிய உள்ளூர்ச் சீட்டு என்றால், ஏறுமுன் அதிலேயே பயணத்தைப் பதிவு செய்ய வேண்டும். காசு கொடுத்து வாங்கிய சீட்டு கையில் இருந்தும் முத்திரை இல்லாததற்காக அபராதம் கட்டுவது மனத்தைக் கசக்கும். மொழி தெரியாது என்ற சமாதானம் பரிசோதகரிடம் செல்லாது. வேலைநிறுத்தம் இத்தாலியில் முன்கூட்டி அறிவித்து நடப்பது. முந்தின நாள் மாலையே செய்தியைப் பார்த்துவிடுங்கள். வார நாள்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் அன்றும் ஓடியாக வேண்டும் என்பது விதி.

கார் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: எடுக்காதீர்கள். பழைய நகரப் பகுதிகளுக்குள் அனுமதியின்றி நுழையும் வண்டியைக் கேமரா படம் பிடித்துவிடும். அபராதச் சீட்டு சில மாதங்கள் கழித்து வாடகைக் கார் நிறுவனம் வழியாக உங்கள் வீட்டுக்கு வந்து சேரும். சிங்க்வே டெர்ரே கிராமங்களின் உள்ளே வெளியார் வண்டி போக முடியாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒரே நாளில் அளவுக்கு மீறி ஊர்களைத் திணிப்பது. சிங்க்வே டெர்ரே என்றால் ‘ஐந்து நிலங்கள்’. மொன்டெரோஸோ, வெர்னாட்சா, கொர்னில்யா, மனரோலா, ரியோமஜோரே ஆகிய ஐந்து கிராமங்களும் 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. ஜெனோவாவிலிருந்து அங்கே போகவே, பிடிக்கும் ரயிலைப் பொறுத்து, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐந்தையும் ஒரே நாளில் ‘முடிக்க’ நினைப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது ஐந்து நடைமேடைகளையும் ஒரு நெரிசலையும்தான். கொர்னில்யா மட்டும் கடல்மட்டத்தில் இல்லாததால் அங்கே படகு நிற்காது. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏற 370-க்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. இரண்டு அல்லது மூன்று கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் ஒன்றில் கடலைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்க ஒரு மணி நேரம் ஒதுக்குவதே அறிவுள்ள திட்டம். இந்தப் பாதையில் சுரங்கங்கள் அடுத்தடுத்து வரும். ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு ஒரு கணம் நீலக்கடலும் பாறையும் கண்ணில் அடிக்கும், அடுத்த கணம் இருட்டில் தன் முகமே கண்ணாடியில் தெரியும். போகும் வழியெல்லாம் கடல் தெரியும் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது சிறு ஏமாற்றம்.

போர்ட்டோஃபினோவுக்கு ரயில் நிலையமே இல்லை என்பது பலருக்கு வந்த பிறகே தெரிகிறது. சான்டா மார்கெரிட்டா லிகுரேயில் இறங்கி, பேருந்திலோ படகிலோ கடலோரமாக நடந்தோ போக வேண்டும். போர்ட்டோஃபினோவை ஒட்டிய குன்றின் மறுபுறம் மரங்களுக்கும் கடலுக்கும் நடுவே மறைந்திருக்கும் சான் ஃப்ருத்துவோசோ மடத்துக்குச் சாலையும் கிடையாது. கமோலியிலிருந்தோ போர்ட்டோஃபினோவிலிருந்தோ படகில் செல்லலாம், அல்லது காட்டுப் பாதையில் நடக்கலாம். கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும். காலையில் படகில் போனவர் மாலையில் மலையேறித் திரும்ப நேரலாம் என்பதால், செருப்பில் போகாமல் நல்ல காலணியோடு போவது நல்லது. கடைசிப் படகின் நேரத்தை இறங்கியவுடன் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஓர் ஊருக்குத்தான் நேரம் என்றால், பலரும் எதிர்பார்ப்பது போல நான் போர்ட்டோஃபினோவைச் சொல்ல மாட்டேன். கரையோரம் மஞ்சளும் சிவப்புமாக உயர்ந்து நிற்கும் வீடுகளும், இன்னும் மீன்பிடிக்கும் துறையும் கொண்ட கமோலியையே சொல்வேன். அடுத்த நிலையமான ரெக்கோவில் இறங்கி, பாலாடைக்கட்டியை இரு மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவே உருகவிட்டுச் சுடும் ஃபொக்காச்சாவைச் சூடாகச் சாப்பிட்டுத் திரும்பலாம்.

தொலைவைக் குறைத்து மதிப்பிடுவதும் உண்டு. மிலான் ஒரு நாளில் போய்வரக் கூடியதே. ஆனால் அங்கே டா வின்சியின் ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தைப் பார்க்க முன்பதிவு கட்டாயம், உள்ளே அனுமதிப்பது 15 நிமிடம் மட்டுமே. ஃபிளாரன்சும் வெனிஸும் இங்கிருந்து ஒரு நாள் பயணத்துக்கு உரியவை அல்ல.

பருவத்தையும் பார்க்க வேண்டும். இலையுதிர் காலத்தில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதிக் கொட்டும் மழை இங்கே விளையாட்டல்ல. 2011 அக்டோபர் 25 அன்று வெர்னாட்சாவும் மொன்டெரோஸோவும் சேற்றில் புதைந்தன. பத்தே நாளில் ஜெனோவா நகரத்திலேயே வெள்ளம் உயிர்களைப் பறித்தது. வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் அன்று வெளியூர்ப் பயணம் வேண்டாம்.

கடைசியாக, ஜெனோவாவை வெறும் படுக்கையறையாக நடத்துவது. ஐரோப்பாவின் மிகப் பெரிய பழைய நகரப் பகுதிகளுள் ஒன்று உங்கள் விடுதியைச் சுற்றி இருக்கிறது. ‘ரோல்லி’ எனப்படும் பழைய பிரபுக்களின் மாளிகைகளில் 42, 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. சான் லொரென்சோ பேராலயத்தில், 1941 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கடற்படை சுட்டும் வெடிக்காமல் போன குண்டு இன்றும் காட்சிக்கு இருக்கிறது. மதிய உணவு நேரம் தாண்டினால் பல உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும், மாலை ஏழு மணிவரை திறக்காது. கொண்டைக்கடலை மாவைக் கரைத்துப் பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடும் ஃபரினாட்டா, அடையைச் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அந்நியமாகத் தோன்றாது. முழுதாக இரண்டு நாள் நகரத்துக்கு ஒதுக்குங்கள். அவற்றில் ஒன்று திங்கட்கிழமையாக அமைந்துவிட வேண்டாம். கரிபால்டி தெருவிலுள்ள மாளிகை அருங்காட்சியகங்கள் அன்று மூடியிருக்கும்.