மலைக் கேம்ப்பிங்குக்கு ஸ்லீப்பிங் பேக்: விலையும் எடையும் குறைவாக எப்படிப் பார்த்து வாங்குவது?

ஏப்ரல் மாதம். கீழே வத்தலக்குண்டில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாத புழுக்கம். கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்கினோம். ஆன்லைனில் வாங்கிய என் ஸ்லீப்பிங் பேக்கின் உறையில் '5 டிகிரி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு விழித்துக் கிடந்தேன். வெளியே 12 டிகிரிதான். அந்த 5 என்ன கணக்கு என்று வீட்டுக்கு வந்துதான் தேடிப் படித்தேன். முதன்முறையாக வாங்கப் போகிறவர்களுக்கு அப்படி ஒரு ராத்திரி வேண்டாம்.

படி 1: போகிற இடத்தின் ராத்திரிக் குளிரைக் கணக்குப் போடுங்கள்

1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். மதுரை ஏறக்குறைய 100 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100. மதுரையில் ராத்திரி 26 டிகிரி என்றால் கொடைக்கானலில் 13 வரை இறங்கும். ஏற்காடு 1,500 மீட்டர், ஏலகிரி 1,100. அங்கெல்லாம் இவ்வளவு இறங்காது. கணக்கில் வருவதிலிருந்து இன்னும் மூன்று டிகிரி கழித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பள்ளமான இடங்களில் குளிர்காற்று வந்து தேங்கும். ஆக, கோடையில் கொடைக்கானலுக்கு 10 டிகிரி பேக், ஏற்காட்டுக்கு 15 டிகிரி பேக் போதும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் ஊட்டிக்கு இந்தக் கணக்கு உதவாது.

படி 2: லேபிளில் சரியான எண்ணைத் தேடுங்கள்

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். ஐஎஸ்ஓ 23537 என்ற தரநிர்ணயத்தின்படி (முன்பு இஎன் 13537) சோதித்த பேக்கில் மூன்று வெப்பநிலைகள் இருக்கும். 'கம்ஃபர்ட்' என்பது ஒரு சராசரிப் பெண் உடலைத் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு. 'லிமிட்' என்பது ஒரு சராசரி ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கும் அளவு. 'எக்ஸ்ட்ரீம்' தூக்கத்துக்கான எண்ணே அல்ல. ஆறு மணி நேரம் உயிர் தாங்கலாம், ஆனால் உடல் விறைத்துப்போகும் ஆபத்து உண்டு என்று அதற்கு அர்த்தம். என் பேக்கின் உறையில் பெரிதாக இருந்தது எக்ஸ்ட்ரீம் எண். கம்ஃபர்ட் 15 என்பது உள்ளே தைத்திருந்த சின்னத் துணி லேபிளில் இருந்தது.

ஆணோ பெண்ணோ, கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். அந்த எண்ணே போடாத பேக் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

படி 3: உள்ளே என்ன அடைத்திருக்கிறது?

வாத்தின் மென்சிறகு அடைத்த 'டவுன்' பேக் பஞ்சாகப் பறக்கும், கைக்குள் சுருங்கும். ஆனால் விலை அதிகம், நனைந்தால் சப்பிப்போய்ச் சூட்டைத் தாங்காது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மூடுபனியும், கூடாரத்துக்குள் நம் மூச்சே நீராகச் சொட்டுவதும் சகஜம். பாலியஸ்டர் இழை அடைத்த சிந்தெடிக் பேக் ஈரத்திலும் ஓரளவு கதகதப்பு தரும், வீட்டிலேயே துவைக்கலாம். மிதமான குளிருக்கு இதுவே என் தேர்வு. 3,000 ரூபாய்க்குள் நல்லதாகவே பார்க்கலாம்.

படி 4: எடையும் வடிவமும்

15 டிகிரிக்கு ஒரு கிலோவுக்குள், 10 டிகிரிக்கு ஒன்றேகால் கிலோ வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளில் அகலமாகவும் காலில் குறுகலாகவும் இருக்கும் 'மம்மி' வடிவம் துணியையும் எடையையும் மிச்சப்படுத்தும். உள்ளே காலியாகக் கிடக்கும் இடத்தையும் நம் உடம்புதான் சூடாக்க வேண்டும் என்பதால் தொளதொள பேக்கில் குளிரும். அதற்காக உடம்பை இறுக்கவும் கூடாது.

படி 5: கடையில் படுத்துப் பாருங்கள்

கூச்சமே வேண்டாம். பேக்கை உறையிலிருந்து எடுத்து உதறிப் பத்து நிமிடம் விரித்துப் போடுங்கள். உள்ளங்கையால் ஒரு இடத்தை அமுக்கி விட்டால் உப்பி எழ வேண்டும். அமுங்கியபடியே கிடந்தால் அடைப்பு மட்டம். பிறகு போன் டார்ச்சை உள்ளே பிடித்து வெளியிலிருந்து பாருங்கள். இழை ஒரு பக்கம் ஒதுங்கி, வெறும் துணி மட்டும் நிற்கும் இடங்கள் பளிச்சென்று தெரியும். ராத்திரி குளிர் அந்த வழியாகத்தான் வரும்.

உள்ளே படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே கையால் ஜிப்பை மேலும் கீழும் இழுங்கள். துணியைக் கடித்தால் அடுத்ததைக் கேளுங்கள். ஜிப்பின் உட்புறம் நெடுக ஒரு பஞ்சுக் குழாய் தைத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பல் இடுக்கு வழியே காற்று நுழைவதை அது தடுக்கும். கால்பக்கமும் ஜிப் திறந்தால் புழுக்கமான இரவில் பாதத்தை வெளியே நீட்டிக்கொள்ளலாம்.

படி 6: பேக்குக்குக் கீழே விரிக்கும் 'மேட்'டுக்கும் பணம் ஒதுக்குங்கள்

முதுகுக்குக் கீழே இழை நசுங்கிவிடுவதால் அந்தப் பக்கம் பேக்கால் பெரிய பயன் இல்லை. தரை சூட்டை உறிஞ்சிவிடும். ஆய்வகத்தில் பொம்மையைப் படுக்கவைத்து அந்த எண்களை அளக்கும்போதே கீழே மேட் விரித்துத்தான் அளக்கிறார்கள். மேட் இல்லாமல் படுத்தால் கம்ஃபர்ட் எண் உங்களுக்குப் பொருந்தாது. சாதாரண ஃபோம் மேட்டே போதும். சூடு தரைக்கு இறங்காமல் தடுக்கும் திறனைக் காட்டும் 'ஆர்-வேல்யூ' என்ற எண் 2 பக்கம் இருந்தால் சரி.

பேக்குக்குள் போட்டுப் படுக்கும் உள்ளுறைக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். பழைய எட்டு முழ வேட்டியைக் குறுக்கே இரண்டாக மடித்து, இரண்டு ஓரமும் தைத்து எங்கள் அம்மா ஒன்று செய்து கொடுத்தார். வியர்வையும் அழுக்கும் அதோடு போய்விடுவதால் பேக்கை அடிக்கடி துவைக்க வேண்டியதில்லை.

ஊர் திரும்பியதும் பேக்கை நிழலில் நன்றாகக் காயவையுங்கள். சின்ன உறைக்குள் மாதக்கணக்கில் திணித்து வைத்தால் இழை உப்பும் தன்மையை இழந்துவிடும். பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டுப் பரண்மேல் வைத்துவிடுங்கள், கனமாக எதையும் அதன்மேல் ஏற்றாமல்.