சைலன்சருக்கு ஒரு குறுக்கு வழி: காரில் எக்ஸாஸ்ட் கட்அவுட் பொருத்துவது எப்படி?

கட்அவுட் என்றதும் நமக்குத் தியேட்டர் வாசலில் நாற்பது அடி உயரத்தில் நிற்கும் கதாநாயகன்தான் ஞாபகத்துக்கு வருவார். அமெரிக்கக் கார் பட்டறைகளில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். எஞ்சினிலிருந்து வரும் புகை சைலன்சருக்குள் நுழையும் முன்பே வெளியேறிவிட ஒரு கிளைக் குழாய், அதில் திறந்து மூடும் ஒரு வால்வு. அவ்வளவுதான் கட்அவுட். மூடியிருந்தால் கார் சாதுவாக ஓடும். திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

இது புதுச் சரக்கு இல்லை. 1900களின் தொடக்கத்தில் வந்த பல அமெரிக்கக் கார்களில் இதற்கென்றே காலடியில் ஒரு மிதி இருந்தது. மேட்டில் ஏறும்போது மிதித்தால் கொஞ்சம் சக்தி கூடும் என்பார்கள். எந்த சிலிண்டர் சரியாக வெடிக்கவில்லை என்று காதாலேயே கண்டுபிடிக்கவும் அது உதவியது. பிறகு 1930களில் தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில், முரோக், எல் மிராஜ் போன்ற இடங்களில், இளைஞர்கள் கார்களை விரட்டினார்கள். ஏரிக்குப் போய்ச் சேரும்வரை குழாய் வாயில் மூடி. போனதும் போல்ட்டைக் கழற்றி மூடியை எடுத்துவிட்டு ஓட்டம். அந்தக் குழாய்களுக்கு ‘லேக் பைப்’ என்று பெயர் வந்தது அப்படித்தான். இன்று அதே வேலையை ஒரு சிறு மோட்டார் செய்கிறது.

ஆரம்பிக்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிடலாம். கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 27150ஆம் பிரிவு, சைலன்சரில் கட்அவுட்டோ பைபாஸோ இருக்கவே கூடாது என்கிறது. திறந்தால்தானே தப்பு என்று வாதாட முடியாது, இருந்தாலே தப்பு. நம் ஊரில் பைக்கில் செய்து பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: மத்திய மோட்டார் வாகன விதி 120 சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இன்படி, சத்தம் தொடர்பான மீறலுக்கு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் டிரெய்லரில் ஏற்றிப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகும் காருக்கு மட்டும்.

உதாரணத்துக்கு 1972 செவ்ரோலே நோவாவை எடுத்துக்கொள்கிறேன். 350 கன இன்ச் வி8 எஞ்சின், கார்புரேட்டர், இரண்டரை இன்ச்சில் இரட்டைக் குழாய். நண்பரின் கொட்டகையில் நானும் அவரும் சேர்ந்து செய்தது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார் கிடைக்காது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் இல்லை, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் இல்லை. கன்வர்ட்டர் பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் 1975 மாடலிலிருந்துதான் வந்தது. இரண்டு குழாய்க்கும் வேலை ஒன்றுதான் என்பதால் ஒன்றை மட்டும் விளக்குகிறேன்.

படி 1: உண்மையிலேயே தேவையா?

சைலன்சருக்கு முன்னால் குழாயில் ஒரு சிறு துளை போட்டு, பிரஷர் கேஜ் மாட்டி, முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டிப் பாருங்கள். முள் ஒன்றிரண்டு பிஎஸ்ஐக்குள்ளேயே நின்றால் உங்கள் சைலன்சர் புகையை அதிகம் தடுக்கவில்லை. கட்அவுட் போட்டால் சத்தம்தான் மிச்சம். நான்கைந்து காட்டினால் வித்தியாசம் தெரியும். ‘எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் (புகை வெளியேறுவதைத் தடுக்கும் எதிர் அழுத்தம்) வேண்டும்’ என்று பட்டறைகளில் சொல்வதை நம்ப வேண்டாம். குறைந்த வேகத்தில் எஞ்சினுக்கு வேண்டியது குழாயில் புகை ஓடும் வேகம், அழுத்தம் அல்ல.

படி 2: இடம்

வால்வைக் கடையில் வாங்கிவிடலாம். இடத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும், மொத்த வேலையும் அதில்தான் இருக்கிறது.

கிளை பிரியும் இடம் சைலன்சருக்கு முன்னால் இருக்க வேண்டும். உங்கள் கார் கன்வர்ட்டர் உள்ள காராக இருந்தால் அதற்குப் பின்னால். கன்வர்ட்டரைத் தாண்டி வெளியேறும்படி முன்னால் வைப்பது அமெரிக்க மத்திய அரசின் தூய காற்றுச் சட்டப்படியே குற்றம். ஆக்சிஜன் சென்சாருக்குப் பக்கத்திலும் வேண்டாம். கார் நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலில், குழாய்க்குள் புகை ஒரே சீராகப் போவதில்லை, அலை அலையாகப் போய்க் கொஞ்சம் திரும்பியும் வரும். வாய் திறந்திருந்தால் வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் குறைவு என்று நினைக்க, கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும்.

அப்புறம் பெட்ரோல் லைன், பிரேக் லைன், வயர் கட்டு எதுவும் திறப்பின் எதிரே இருக்கக் கூடாது. வால்வின் மோட்டார் தரையைப் பார்க்காமல் பக்கவாட்டில் அல்லது மேல்நோக்கி இருக்கட்டும். தண்ணீரும் கல்லும் முதலில் அடிப்பது கீழேதான்.

மிக முக்கியமானது கிளையின் வாய். நாங்கள் முதலில் அதைக் கால் வைக்கும் இடத்துக்கு அடியில் நேராகக் கீழே பார்க்க விட்டோம். பத்து நிமிடத்தில் கார்பெட் தீய்ந்த வாடை, இருவருக்கும் தலைவலி. தலைவலிக்குக் காரணம் கார்பன் மோனாக்சைடு. வாடையே இல்லாத விஷம் அது. கார்பெட் நாறியதால் நாங்கள் பிழைத்தோம். வளைவுக் குழாய் ஒன்றைச் சேர்த்து, புகை உட்காரும் பகுதியைத் தாண்டிப் பக்கவாட்டில் வெளியேறும்படி செய்யுங்கள்.

படி 3: காரைத் தூக்குவது

ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். பின்பக்க ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் வையுங்கள், சேசிஸுக்கு அடியில் அல்ல. காரணம் இருக்கிறது. சேசிஸில் தூக்கினால் ஆக்சில் தொங்கிவிடும், அதோடு, பின்சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டும் கீழே இறங்கும். அப்போது குழாயைச் சுற்றித் தாராளமாகத் தெரிந்த இடைவெளி, காரை இறக்கியதும் காணாமல் போகும். நாங்கள் இரவு பத்து மணிக்கு வெல்டிங்கை மறுபடி அறுத்தது இதனால்தான்.

படி 4: வெட்டி ஒட்டுவது

குழாயின் வெளிவிட்டத்தை அளந்து அதே அளவில் ஒய் வடிவ இணைப்பு வாங்குங்கள். கிளை 45 டிகிரியில் பிரிந்தால் நல்லது. 90 டிகிரியில் திரும்பப் புகைக்கு மனசு வராது. இணைப்பைக் குழாய்மேல் வைத்து மார்க்கரால் கோடு போடுங்கள். குழாய் உள்ளே நுழைந்து உட்காரும் நீளத்தைக் கழித்துவிட்டு வெட்டுங்கள்.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிய பிறகுதான் வெல்டிங். துத்தநாகம் பூசிய குழாய் என்றால் பூச்சை ஓரம்வரை கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். அந்தப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும். முதலில் மூன்று நான்கு இடத்தில் டேக் மட்டும், அதாவது சும்மா பிடித்து நிற்கும் அளவுக்குப் பொட்டு வெல்டிங். காரை இறக்கி, குலுக்கிப் பார்த்து, எதுவும் இடிக்கவில்லை என்றால் முழு வெல்டிங்.

கிளைக் குழாயின் முனையில் வால்வை போல்ட் போட்டு மாட்டுவதற்கான தகடுதான் ஃபிளாஞ்ச். அதை வெறுமனே வைத்து ஒட்டினால் சூட்டில் கோணிக்கொள்ளும். அதே அளவு தடிமனான இன்னொரு ஃபிளாஞ்சோடு போல்ட் போட்டு இறுக்கி ஒட்டுங்கள், ஆறிய பிறகு பிரியுங்கள். வால்வை மாட்டி வைத்துக்கொண்டு வெல்டிங் செய்யவே கூடாது.

வெல்டிங் தெரியாதா? கிளாம்ப் போட்டும் செய்யலாம், கொஞ்சம் கசியும். இதை மட்டும் எக்ஸாஸ்ட் கடையில் கொடுத்துச் செய்துகொள்வதில் ஒரு வெட்கமும் இல்லை.

படி 5: வயரிங்

மோட்டாரில் இரண்டு வயர்தான். கரண்ட் ஒரு பக்கம் ஓடினால் திறக்கும், மாற்றி ஓடினால் மூடும். இதற்கு ஆறு கால் உள்ள, கையை எடுத்தால் நடுவுக்குத் திரும்பும் ஸ்விட்ச் வாங்குங்கள். நடு வரிசைக் கால்கள் இரண்டிலும் மோட்டார். மேல் வரிசையில் பிளஸ், மைனஸ். மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்குப் பெருக்கல் குறி மாதிரி குறுக்காக இரண்டு வயர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். எத்தனை ஆம்பியர் என்பது மோட்டாரோடு வரும் காகிதத்தில் இருக்கும்.

வால்வு முழுதாகத் திறந்ததும் மோட்டார் சத்தம் மாறும். உடனே கையை எடுத்துவிடுங்கள், பிடித்துக்கொண்டே இருந்தால் மோட்டார் எரிந்துவிடும்.

படி 6: சோதனை

எஞ்சின் ஆறியிருக்கும்போது, காற்றை வெளியே ஊதும் வசதியுள்ள வாக்குவம் கிளீனரை வால் குழாயில் செருகி ஓட விடுங்கள். கட்அவுட் மூடியிருக்கட்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் நுரை வரும். சரி, நுரை இல்லையா? திறந்தவெளியில் எஞ்சினை ஓட்டிச் சூடாக்குங்கள். நன்றாக ஆறிய பிறகு போல்ட்டுகளை இன்னொரு முறை இறுக்குங்கள், முதல் சூட்டில் எல்லாமே கொஞ்சம் தளரும்.

அதன்பிறகு, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வாரம் ஒருமுறை வால்வைத் திறந்து மூடுங்கள். கரி படிந்தால் உள்ளிருக்கும் தகடு ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலும் பாதி திறந்த நிலையில். மூடியிருக்கும்போதே ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்றபடி ‘டிக் டிக்’ என்று கேட்டால் எஞ்சினைச் சந்தேகிக்காதீர்கள், முதலில் ஃபிளாஞ்சுக்கும் வால்வுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைப் பாருங்கள். நாங்கள் அரை நாள் எஞ்சினுக்குள் இருக்கும் வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்த்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு நட்டை அரைச் சுற்று திருப்பினோம்.