கோயம்பேட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு கணக்கு

சேமிப்பு என்று நினைத்துச் செய்வது உண்மையில் சேமிப்புதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மாதச் சம்பளத்தை வேலைக்குப் போகும் மொத்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள், பஸ்ஸில் தொங்கும் நேரத்தையும் சேர்த்துத்தான். 30,000 ரூபாய் சம்பளம், 25 நாள், நாளுக்கு 10 மணி நேரம் என்றால் உங்கள் ஒரு மணி நேரம் 120 ரூபாய்.

தெருமுனைக் கடையை விட்டுவிட்டு சென்னையின் கோயம்பேடு மொத்தச் சந்தையில் காய்கறி வாங்கினால் 90 ரூபாய் மிச்சம், ஆனால் போக வர இரண்டு மணி நேரம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி, நேரத்துக்கு யார் இலவச பாஸ் கொடுப்பது?

ஆனால் இந்த 120 கல்வெட்டு இல்லை. வீட்டில் இருந்தால் போனைத்தான் நோண்டிக்கொண்டிருப்பீர்கள் என்றால் அந்த நேரத்தின் விலை குறைவு, பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் நேரம் என்றால் 120 போதவே போதாது. பொருளின் மதிப்பு பொருளுக்குள் இல்லை, அது வேண்டும் என்கிற ஆளின் தேவையில் இருக்கிறது என்று ஆஸ்திரியப் பொருளியலாளர் கார்ல் மெங்கர் 1871இல் எழுதினார். என் அம்மாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். "போடா, பேரம் பேசுறதுதான்டா எனக்கு சினிமா" என்றார்.

நான் இப்போது வெங்காயம், உருளைக்கிழங்கு மட்டும் மாதம் ஒருமுறை அங்கே மொத்தமாக வாங்குகிறேன், கீரையும் தக்காளியும் தெருமுனையில்தான்.