மூன்று சீட்டு, ஓர் அட்டை: சிறிய கொலாஜ் செய்யும் முறை

காகிதத் துண்டுகளை ஒட்டிப் படம் உருவாக்கும் கொலாஜ் வேலைக்கு முதன்முதலில் உட்காருபவர்கள் பெரும்பாலும் பசை டப்பாவைத் திறப்பதற்கு முன்பே களைத்துப்போகிறார்கள். மேசை நிறையக் காகிதம் கிடக்கும், எதை எடுப்பது, எதை விடுவது என்று புரியாது. தேர்வுகளைக் குறைத்தால் இந்தத் திண்டாட்டம் தீரும். அட்டை உள்ளங்கை அளவில் இருக்கட்டும். என்ன செய்வது என்பதைக் குலுக்கி எடுத்த சீட்டு முடிவு செய்யட்டும்.

சீட்டு தயாரிப்பு

மூன்று கட்டு, கட்டுக்குப் பத்து சீட்டு. முதல் கட்டில் நிறம்: ‘மஞ்சளும் சாம்பலும்’, ‘ஒரே நீலம், பல அடர்த்தியில்’. இரண்டாவதில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருள்: பூட்டிய கதவு, நனைந்த குடை, காலி நாற்காலி. மூன்றாவதில் ஒரு கட்டுப்பாடு: ‘கத்தரிக்கோல் கூடாது’, ‘ஐந்து துண்டுக்கு மேல் கூடாது’, ‘நூல் தையல் ஓரிடத்திலாவது வேண்டும்’.

இரண்டாவது கட்டில் ‘மகிழ்ச்சி’, ‘சுதந்திரம்’ போன்ற சொற்களை எழுதாதீர்கள். அவற்றைப் படித்ததும் எல்லோர் கையும் ஒரே பறவையையும் ஒரே சூரியனையும்தான் தேடும். கதவு என்றால் தாழ்ப்பாள், நிலைச்சட்டம், இடுக்கில் தெரியும் வெளிச்சம் என்று பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

தேவையானவை

அடி அட்டை 10 × 15 செ.மீ., 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை). இதைவிட மெல்லியது பசையின் ஈரத்தில் சுருண்டுவிடும். பிவிஏ வகை வெள்ளைப் பசை, க்ளூ ஸ்டிக், அரை அங்குலத் தட்டைத் தூரிகை, கத்தரிக்கோல், கட்டர், இரும்பு ஸ்கேல், இரண்டு மூன்று நிற அக்ரிலிக் பெயின்ட், பேக்கிங் பேப்பர் (கேக் சுடும்போது அடியில் விரிக்கும் ஒட்டாத தாள்). அழுத்தி வைக்க நாலைந்து கனமான புத்தகங்கள்.

காகிதத்தைச் சேர்க்கும்போது மூன்று வகையில் கவனம் வேண்டும். செய்தித்தாளில் லிக்னின் என்ற மரப்பொருள் இருப்பதால் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகும். நிறம் மாறக்கூடாது என்றால் அதை நல்ல தாளில் லேசர் நகல் எடுத்து ஒட்டுங்கள். இங்க்ஜெட் பிரின்ட் ஈரப்பசை பட்டால் கரையும். ஓரத்தில் ஈர விரலால் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். மூன்றாவது, பில் இயந்திரத்திலிருந்து வரும் வழுவழுப்பான ரசீது. நகத்தால் வேகமாகக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள், நாளடைவில் எழுத்து மங்கிவிடும்.

அடிப்பூச்சு

பெயின்ட்டில் தண்ணீர் கலந்து அட்டை முழுவதும் மெல்லிய ஒரு பூச்சு கொடுங்கள். வெள்ளை அட்டையை நேராகப் பார்க்கும் தயக்கம் அதிலேயே போய்விடும். 15–20 நிமிடம் காயட்டும். தொட்டால் சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

ஒட்டாமல் அடுக்குதல்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அரை மணி நேரம் ஒதுக்கினால் இருபது நிமிடம் இதற்கே போகட்டும்.

‘மஞ்சளும் சாம்பலும்’, ‘பூட்டிய கதவு’, ‘கத்தரிக்கோல் கூடாது’ என்று கட்டுக்கு ஒன்றாக மூன்று சீட்டு வந்ததாக வைத்துக்கொள்வோம். கிழித்துத்தான் ஆக வேண்டும். காகிதத்துக்கு நார்த்திசை உண்டு. செய்தித்தாளை ஒரு பக்கம் கிழித்தால் நேராக வரும், மறுபக்கம் கோணலாக ஓடும். கதவுப் பலகைக்கு நேராக வரும் திசையில் சாம்பல் தாளை இரண்டு நீளத் துண்டுகளாகக் கிழியுங்கள். அச்சிட்ட தாளைக் கிழிக்கும்போது ஒரு துண்டில் மட்டும் வெள்ளை ஓரம் தெரியும். எதிர்ப்பக்கமாக இழுத்தால் அது அடுத்த துண்டுக்கு மாறிவிடும். வேண்டிய துண்டில் அந்த வெள்ளையை வரவழைக்கலாம்.

இரண்டு துண்டையும் அட்டையின் இடப்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு நிறையும்படி நிறுத்துங்கள். நடுவே 5 மி.மீ. இடைவெளி விட்டு, அதன் அடியில் மஞ்சள் தாளைச் செருகுங்கள். உள்ளே விளக்கு எரிகிறது என்பதற்கு அந்தக் கீற்று போதும். வலப்பக்கம் காலியாகவே இருக்கட்டும். பூட்டுக்கு மஞ்சளில் ஒரு சிறு துணுக்கு, நடுமையத்தை விட்டுச் சற்றுக் கீழே. பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்று அளவும் இருப்பதால் கண்ணுக்கு ஒரு வழி கிடைக்கிறது. எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருந்தால் பார்வை எங்கும் தங்காது. புதியவர்களின் கொலாஜ் சப்பென்று இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பொருளை அப்படியே வரைய வேண்டியதில்லை. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக் 1912-ல் மர ரேகை அச்சிட்ட சுவர்க்காகிதத்தை வெட்டி ஒட்டி, அதோடு சேர்த்துக் கரியால் வரைந்தார். மரத்தைக் காட்டும் வேலையைக் காகிதத்திடமே விட்டுவிட்டார். உங்கள் சாம்பல் தாளிலும் மடிப்போ கறையோ இருந்தால் அது பழைய கதவுக்குப் பொருத்தமாகவே இருக்கும்.

அடுக்கியது பிடித்திருந்தால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பசை போடத் துண்டுகளைத் தூக்கியதும் எது எங்கே இருந்தது என்பது மறந்துபோகும்.

ஒட்டுதல்

அடியில் இருப்பதை முதலில் ஒட்டுங்கள். இங்கே மஞ்சள் தாள், பிறகு பலகைகள், கடைசியில் பூட்டு. மெல்லிய தாளுக்கு மூன்று பங்கு பசை, ஒரு பங்கு தண்ணீர். துணிக்கும் தடித்த அட்டைக்கும் தண்ணீர் சேர்க்காத பசை. துண்டின் பின்புறம் ஓரம் வரை தடவுங்கள். நடுவில் மட்டும் தடவினால் காய்ந்ததும் ஓரங்கள் எழும்பும். வைத்த பிறகு மேலே பேக்கிங் பேப்பரைப் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேயுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே தேய்த்தால் காற்று நடுவில் சிக்கிக் கொப்புளமாகும்.

சுருக்கம் விழுவதற்குக் காரணம் ஈரம். நார்கள் தண்ணீரைக் குடித்து விரிகின்றன, காயும்போது சுருங்குகின்றன. பத்திரிகைத் தாளில் தெரியும் சிறு அலைகள் காயும்போது தாமாகப் படிந்துவிடலாம். அவசரப்பட்டுத் தேய்த்தால் ஈரத்தாள் கிழியும். டிஷ்யூ போல மிக மெல்லியதென்றால் க்ளூ ஸ்டிக்கே நல்லது.

மேல்வேலை

பென்சில் கோடு, பேனா, நூல் எல்லாம் பசை காய்ந்த பிறகு. ஆயில் பேஸ்டலும் மெழுகுக் கிரேயானும் எல்லாவற்றுக்கும் கடைசியில் வர வேண்டும். அவற்றின் மேல் பசை பிடிக்காது. தைப்பதாக இருந்தால் முதலில் ஊசியால் துளைகளை 5 மி.மீ. இடைவெளியில் போட்டுவிட்டுப் பிறகு நூலைக் கோர்க்கவும். நெருக்கமாகத் துளைத்தால் அட்டை அஞ்சல்தலை ஓரம் போலப் பிய்ந்துவிடும்.

அழுத்தி வைத்தல்

மேலும் கீழும் பேக்கிங் பேப்பர் வைத்து, புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு விடுங்கள். சாதாரணத் தாளை வைத்தால் அக்ரிலிக் அதைப் பிடித்துக்கொள்ளும். காலையில் அட்டை முன்பக்கமாக வளைந்திருந்தால், முன்னால் ஒட்டிய காகிதம் அதை இழுக்கிறது என்று பொருள். ஏறக்குறைய அதே கனமுள்ள தாள் ஒன்றைப் பின்புறம் முழுதும் ஒட்டி, மறுபடி ஓர் இரவு அழுத்துங்கள். இரு பக்க இழுவையும் சமமானதும் அட்டை நிமிர்ந்துவிடும். வந்த மூன்று சீட்டையும் அந்தப் பின்தாளில் எழுதி, தேதியும் போட்டு வையுங்கள்.