உங்கள் பகுதி அங்கன்வாடிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

என் மகளுக்கு 2 வயது முடிந்தபோது, நடந்துபோகும் தூரத்தில் மூன்று அங்கன்வாடிகள் இருந்தன. சற்றுத் தள்ளி, அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் எல்கேஜி வகுப்பும் இருந்தது. எதில் விடுவது என்று தடுமாறியவள் நான். அப்போது கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் வயதைப் பாருங்கள். அங்கன்வாடியில் 2 வயது முடிந்தால் சேர்க்கலாம். எல்கேஜிக்கு 3 வயது முடிந்திருக்க வேண்டும். 2019இல் தமிழ்நாட்டில் 2,381 மையங்களில்தான் அந்த வகுப்புகள் தொடங்கப்பட்டன. எல்லா ஊரிலும் கிடைக்காது.

2. ஒரு நோட்டு வாங்கி, மையத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கைபேசி வேண்டாம். அதை நீட்டிக்கொண்டு உள்ளே போனால், படம் எடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்து டீச்சர் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறார்.

3. நேரில் போங்கள். நான் ஏமாந்தது இங்கேதான். மூன்றில் ஒன்று புதுக் கட்டடம். சுவரெல்லாம் யானையும் மயிலும், வாசலில் சறுக்குமரம். ஒரே பார்வையில் முடிவு செய்து சேர்த்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது: அந்த டீச்சருக்குப் பக்கத்து மையமும் கூடுதல் பொறுப்பு. பாதி நாள்கள் அங்கே போய்விடுவார். ஆயா ஒருவரே சமைத்து, ஊட்டி, பதினெட்டுப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லவே மாட்டேன்; காலிப் பணியிடத்தின் சுமை அவர் தலையில் விழுந்திருந்தது. ஆனால் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டப் புத்தகம் அலமாரியிலேயே கிடந்தது.

ஆகவே முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “டீச்சர், உங்களுக்கு இந்த மையம் மட்டும்தானா?” பிறகு வெவ்வேறு வாரங்களில், வெவ்வேறு கிழமைகளில், காலை பதினோரு மணிக்கு இரண்டு முறை போய்ப் பாருங்கள். பாட்டுச் சத்தம் கேட்கிறதா, பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களா என்பது வாசலிலேயே தெரிந்துவிடும்.

4. சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை போங்கள். வாரத்தில் மூன்று நாள் முட்டை உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு அதைப் பிட்டு ஊட்டுகிறார்களா என்று கவனியுங்கள். கழிப்பறைக் குழாயைத் திறந்து பாருங்கள். மாதந்தோறும் எடை பார்த்துப் பதிவு செய்கிறார்களா என்றும் கேளுங்கள். தன் பிள்ளைகளில் யாருக்கு எடை குறைந்திருக்கிறது என்று யோசிக்காமல் சொல்லும் டீச்சர் கிடைத்தால், கட்டடம் பழையதாக இருந்தாலும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். நான் இரண்டாவதாகச் சேர்த்தது அப்படி ஒரு மையத்தில்தான். வாடகைக் கட்டடம், ஒரே அறை.

பின்சேர்க்கை: இதைப் படித்த வாசகி ஒருவர், “மதியத் தூக்கத்தை விட்டுவிட்டீர்களே” என்று எழுதியிருந்தார். அவர் பார்த்த மையத்தில் தகரக் கூரை. ஏப்ரல் மாதம் இரண்டு மணிக்குப் பாயே சுடுகிறதாம். மறுநாளே எங்கள் மையத்துக்குப் போய்ப் பாயில் கை வைத்துப் பார்த்தேன். ஓட்டுக் கூரை என்பதால் சூடு இல்லை. ஆனால் மின்விசிறி ஓடவில்லை. பெற்றோர் நான்கு பேர் சேர்ந்து அந்த வாரமே சரிசெய்து கொடுத்தோம். உங்கள் நோட்டில் ‘மதியம் 2 மணி’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.