அரக்கில் நிற்காத கல்

கிருஷ்ணகிரியில் மார்கழிக் காலையில் கபோஷான் (பட்டை வெட்டாமல் மேடாக வழவழப்பாக்கும் மணிக்கல்) தீட்ட, கல்லை அரக்கால் குச்சியில் ஒட்டி உட்கார்ந்தால், சக்கரத்தில் வைத்த ஐந்தாவது நிமிடமே கல் தெறித்து விழும். ஒரு நல்ல அகேட் கல் அப்படி விழுந்து ஓரம் உடைந்தது. இன்றும் மனசு ஆறவில்லை.

அரக்கு மட்டமானது என்று நினைத்து இரண்டு முறை மாற்றினேன். குற்றம் அரக்கில் இல்லை, கல்லின் குளிரில். சில்லென்ற கல்லில் சூடான அரக்கு பட்டதும் மேல்தோல் மட்டும் இறுகிவிடுகிறது, பிடிப்பதில்லை.

இப்போது கல்லின் அடிப்பக்கத்தை ஸ்பிரிட்டில் துடைத்து, அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லப் பூசிக் காயவிடுகிறேன். பழைய தோசைக்கல்லில் மணல் பரப்பி, சின்னத் தீயில் கல்லைச் சூடாக்குவேன். பூச்சு லேசாகக் கொதித்தால் அதுதான் பதம். உடனே உருகிய அரக்கோடு குச்சியை அழுத்தி, ஈர விரலால் அரக்கைக் கல்லின் ஓரம்வரை கூம்பாக ஏற்றிவிட வேண்டும். பிறகு தானாக ஆறட்டும். அவசரத்தில் தண்ணீரில் முக்காதீர்கள்.

தீட்டும்போதும் தண்ணீர் குறையக்கூடாது. கல் சூடேறினால் அரக்கு இளகிவிடும்.

ஓபல் கல்லை மட்டும் இப்படிச் சூடாக்கவே கூடாது, உள்ளே விரிசல் விடும். அதற்குப் பசைதான்.

கழற்ற, ஃப்ரீசரில் கால் மணி நேரம். கல்லும் அரக்கும் ஒரே அளவில் சுருங்காது என்பதால் கத்தி முனையால் தொட்டாலே பிரிந்து வரும். மிச்சம் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.